டிப்போ வேலியை நோக்கிப் போன விமானம்

சிஞ்ச்வட்டில் வேலை கிடைத்ததும், நெடுநாள் ஆசையான ரேடியோ கன்ட்ரோல் விமானம் வாங்கப் போனேன். புதிதாக ஓட்டுபவர்களுக்கு இறக்கை மேலே உள்ள டிரெய்னர்தான் சரி, மெதுவாகப் போகும், தடுமாறினாலும் தானே நேராகும் என்று கடைக்காரர் இந்தியில் படித்துப் படித்துச் சொன்னார். எனக்கு அது குழந்தைப் பொம்மையாகத் தெரிந்தது. போர் விமானம் போல வேகமாகப் போவதை வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். புத்தகத்தைப் பார்த்தே ஓட்டிவிடலாம் என்ற நினைப்பு.

பக்கத்து ஊரான தேஹு ரோடில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பறக்கவிட்டேன். விமானம் என்னை நோக்கித் திரும்பியதும் ரிமோட்டில் இடது, வலது மாறி எனக்குக் குழம்பிவிட்டது.

"டேய், டிப்போ பக்கம் போகுதுடா!" என்று நண்பன் குமார் அலறினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த டிப்போ ராணுவ வெடிமருந்துக் கிடங்கு. அங்கே தொழிலாளியான என் அப்பா அப்போது டியூட்டியில் இருந்தார். விமானத்திலோ எரிபொருளும் சூடான எஞ்சினும்.

வேலிக்குப் பத்தடி முன்னால் விமானம் விழுந்து, காய்ந்த புல் பற்றிக்கொண்டது. சட்டையைக் கழற்றி அடித்து அணைத்தோம். காவலுக்கு நின்ற ஜவான் அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

"தீப்பெட்டியக்கூட கேட்டுல குடுத்துட்டு உள்ள போறவன்டா நான். நீ நெருப்பையே பறக்கவிட்டிருக்க. படிச்சவன்தானே?" என்றார் அப்பா.

அவர் வேலை போய்விடுமோ என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

இப்போது டிரெய்னர்தான் ஓட்டுகிறேன், அதுவும் ஊருக்கு வெளியே, பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எந்த விமானம் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், "உங்க மைதானத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.