பைனாகுலரைத் திருப்பித் தராத டிரைவர்

தி. நகரில் என் ஜவுளிக்கடையைத் தெரியாதவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு சாத்தான்குளத்திலிருந்து வந்தவன் நான். இங்கிலீஷில் என் பெயரை எழுதுவேன். மற்றதை எழுத ஆள் வைத்திருக்கிறேன். ஆனால் முகத்தைப் பார்த்து ஆள் எடுப்பதில் பி.ஏ. படித்தவன்கூட என் பக்கத்தில் நிற்க முடியாது. அப்படி நான் எடுத்தவன்தான் டிரைவர் ராஜரத்தினம்.

அறுபத்தெட்டில் கடைக்குச் சொந்தமாக வேன் வாங்கினேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் வேன். டிரைவர் வேலைக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடி போட்டவன் கையில் என் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாமவன் மந்தைவெளிக்காரன் ராஜரத்தினம். வாசற்படியில் நின்றுகொண்டிருந்தவனை அப்படியே சாவியோடு அனுப்பினேன்.

ஏழு வருஷம் ஒரு கீறல் விழவில்லை. சௌகார்பேட்டையிலிருந்து துணி மூட்டை ஏற்றி வருவான். எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டெதிரே பள்ளம் என்பதுகூட அவனுக்கு மனப்பாடம். பொழுது சாய்ந்தால் மட்டும் வண்டி எடுக்க மாட்டான். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், சீக்கிரம் போக வேண்டும் என்பான். நல்ல தகப்பன் என்று நானும் விட்டுவிட்டேன்.

எழுபத்தைந்தில் காணும் பொங்கலன்று கடை ஆட்களைக் குடும்பத்தோடு வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனேன். அந்தக் காலத்தில் எந்த முதலாளி அப்படிச் செய்தான்? என் மனைவி சுந்தரவல்லி புளிசாதமும் தயிர்சாதமும் கட்டி எடுத்து வந்தாள். பதினாறு பேர். ராஜரத்தினம் அந்த ரோட்டில் வண்டி ஓட்டியதே இல்லை. சேலைப் பிரிவு இசக்கிமுத்துவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மைல் கல்லுக்கும் அவனைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான்.

"கல்லுல இன்னா போட்டுகீது, படி நைனா. இஸ்கோலுக்குப் போனியா, இல்ல மாங்கா அடிக்கப் போனியா?"

இசக்கிமுத்துவும் ரோஷத்தோடு ஒவ்வொரு கல்லையும் படித்தான். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஏரிக்கரை மேலேயே நடந்து போக மண் பாதை இருக்கிறது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தண்ணீர். தண்ணீருக்குள் நிற்கும் மரமெல்லாம் பறவை. கரண்டி போல மூக்குள்ளது, பை போலத் தாடையுள்ளது என்று ஆளுக்கொன்றாகக் கை நீட்டினார்கள். ராஜரத்தினம் எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்றான்.

பர்மா பஜாரில் பேரம் பேசி நான் வாங்கிய பைனாகுலர் என் கழுத்தில் தொங்கியது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தேன். ராஜரத்தினத்தின் முறை வந்தது. நடுவிலிருந்த சக்கரத்தை முன்னும் பின்னும் திருகினான். ஓரிடத்தில் கை நின்றது. பிறகு ஆள் அசையவே இல்லை.

"ஏ அண்ணே, முட்டை பொரிஞ்சு குஞ்சு பறந்த பொறவுதான் குடுப்பியளோ?" என்று இசக்கிமுத்து கேட்டான். ராஜரத்தினம் தரவில்லை. மற்றவர்கள் கரையோடு நடந்து போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன்.

கடைசியில் நானே கையிலிருந்து வாங்கிப் பார்த்தால் எனக்கு ஒரே புகை மூட்டம். சக்கரத்தை வெகு தூரம் திருகின பிறகுதான் பறவை தெரிந்தது. திரும்ப அவனிடம் கொடுத்தேன். பழைய இடத்துக்கே திருகினான். எனக்குச் சந்தேகம் தட்டியது. பைனாகுலரை வாங்கிக்கொண்டு, தள்ளி நின்ற ஒரு மரத்தைக் காட்டி, அதில் எத்தனை பறவை என்று கேட்டேன்.

"நெறைய கீது மொதலாளி."

அந்த மரத்தில் ஒன்றுகூட இல்லை.

பதினாறு உயிரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எத்தனை நாளாக இப்படி என்று கத்தினேன். நாலு வருஷமாக என்றான். அன்று காலையில்கூட லாரி ஒன்றின் பின்னாலேயே மெதுவாக வந்ததாகச் சொன்னான். கண்ணாடி போட்டுத் தொலைத்தால் என்ன என்று கேட்டேன்.

"வேல போய்டும் மொதலாளி. அன்னிக்கி அந்த ரெண்டு பேராண்ட நீங்க சொன்னத வாசப்படில நின்னுகினு நானும் கேட்டேன்." பைனாகுலரைக் காட்டி, "இதுல பாத்தா எல தனித்தனியா தெரியுது. மரம்னா இப்டி இருக்கும்னே மறந்து பூட்டேன்" என்றான்.

நான் அதிகம் தப்புச் செய்தவனில்லை. செய்ததில் இது ஒன்று.

ஆனாலும் அவனிடம் அதைச் சொல்லவில்லை. "சாவியக் குடுலே" என்றேன். கொடுத்தான். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது. பாதையில் வேர் தடுக்காமல் காலால் தடவித் தடவி எனக்கு முன்னால் நடந்து போனான். அப்படித்தான் அவன் எப்போதும் நடப்பான். அன்றுதான் எனக்கு அது கண்ணில் பட்டது.

இன்று முதலாளியே வண்டி ஓட்டப் போகிறார் என்று எல்லோரிடமும் அறிவித்தேன். அம்பாசிடர் ஓட்டிய கை. ஆனால் வேன் வேறு ஜாதி. செங்கல்பட்டுக்குள் மூன்று முறை நின்றுவிட்டது. கூழைக்கடா முதுகில் ஏறியிருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று சுந்தரவல்லி பின்னாலிருந்து சொன்னாள். பக்கத்தில் ராஜரத்தினம் என் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தான். தாம்பரம் வந்ததும், "கிளச்ச முழுசா மிதிங்க மொதலாளி" என்றான், மெதுவாக.

கடை வாசலில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவன் போகவில்லை.

"நாளிக்கு வர்ட்டா?"

"வா. வண்டியத் தொடாத."

மறுநாள் நானே மயிலாப்பூருக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதிக்க வைத்தேன். சோதித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாலாம் நாள் கண்ணாடி வந்தது. சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி கனம். அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தவனை இசக்கிமுத்து, "வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க" என்று வரவேற்றான். நான் எல்லோர் முன்னாலும் சாவியை அவன் கையில் கொடுத்தேன். தி. நகரில் கண்ணாடி போட்ட டிரைவரைத் துணிந்து வைத்துக்கொண்ட முதல் ஜவுளிக்கடைக்காரன் நான்தான், விசாரித்துப் பாருங்கள்.

அன்று பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தேன். பனகல் பார்க் தாண்டித் திரும்பியதும், கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"மொதலாளி, நம்ம போர்டு இவ்ளோ அழுக்கா கீதே. யாருமே சொல்லலியா?"

நிமிர்ந்து பார்த்தேன். என் பெயர் முழுக்கக் காக்கா எச்சம். இறங்கிப்போய் ஏணி கொண்டுவரச் சொன்னேன்.