இடம் மாறியவர்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கேள்விக்குறி. எதிரில் நின்று யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முதுகுக்குப் பின்னால் கூப்பிடாத ஆளும் இல்லை. எந்தக் காகிதம் அவள் மேசைக்குப் போனாலும் ஓரத்தில் பென்சிலால் போட்ட ஒரு கேள்விக்குறியோடுதான் திரும்பி வரும். மருந்துப் பெட்டிகள் குளிர் அறையில் பத்திரமாக இருந்தன என்று எழுதினால், மின்சாரம் போன நேரத்தில் எங்கே இருந்தன என்று கேட்பாள். பயிற்சிக்கு அறுபது பேர் வந்தார்கள் என்று எழுதினால், அந்த அறையில் நாற்காலி எத்தனை என்று கேட்பாள். வீட்டுக்காரர் காலையில் கிளம்புகிறேன் என்றால்கூட ஆதாரம் கேட்பாளாம் என்று கணக்குப் பிரிவில் ஒரு பேச்சு இருந்தது. அந்த வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இதைக் கேள்விப்பட்டு, "கேட்டா பரவாயில்லையே, குடுத்தாலும் நம்பறதில்லையே" என்றார்.

வேலை அப்படி. காசநோயைக் கட்டுப்படுத்தக் கடல் தாண்டிப் பணம் வருகிறது. அந்தப் பணத்தில் மருந்து வாங்குகிறார்கள், சளி பரிசோதிக்கிறார்கள், வீடு வீடாகப் போகிற நர்சுகளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். கொடுக்கிறவர்கள் சும்மா கொடுப்பார்களா? சொன்னதைச் செய்தீர்களா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவதுபோல ஒரு தரம் போடுவார்கள். தரம் இறங்கினால் அடுத்த தவணை இறங்கும். இத்தனையையும் மேற்பார்வை செய்கிறவள் அவள். நோயாளியின் முகத்தைப் பார்க்கிற வேலை இல்லை. அவர்கள் எண்களாகத்தான் வருவார்கள், பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி.

முகம் தெரிந்த மனிதர் என்றால் டிரைவர் அண்ணன்தான். மாவட்டம் மாவட்டமாக அவளை ஏற்றிக்கொண்டு போகிறவர். முதல் வருஷம் முழுக்க அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார். ஒரு மழைநாளில் ஜீப் சேற்றில் சிக்கிக்கொண்டது. கூட வந்த அதிகாரிகள் எல்லாம் கால்சட்டை அழுக்காகுமென்று உள்ளேயே உட்கார்ந்திருக்க, அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கித் தள்ளினாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் தங்கச்சிம்மா.

அவருடைய தம்பி பெயிண்டர். அலுவலகத்துக்கு வண்ணம் அடிக்க அண்ணன்தான் அழைத்து வந்தார். அவள் அறைச் சுவருக்கு இளம்பச்சை அடித்தவன் அவன்தான். ஏணியில் நின்று பாட்டை முணுமுணுத்தபடி, நடுநடுவே இருமியபடி அடித்தான். கேள்விக்குறி சும்மா இருப்பாளா?

"ஒரு சுவருக்கு ரெண்டு டின் எதுக்குப்பா?"

"பழைய சுவரும்மா. நான் அடிக்கிறதுல பாதியை அது குடிச்சிடுது" என்று சிரித்தான்.

அவன் இருமியதை அவள் கேட்கத்தான் செய்தாள். தூசி என்று நினைத்தாள். காசநோயை ஒழிக்கிற அலுவலகத்தில் ஒருவன் நாள் முழுக்க இருமியிருக்கிறான், தூசி என்று நினைத்தார்கள் அத்தனை பேரும். எண்களையே பார்த்துப் பழகிய கூட்டத்துக்குக் காது எங்கே கேட்கப் போகிறது?

அடுத்த வருஷம் வெளிநாட்டு அதிகாரி வரவிருந்த வாரத்தில் திட்ட டாக்டர் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நல்ல மனிதர். அன்று முகம் செத்துப்போயிருந்தது. சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய்க்காரர்களின் அறிக்கை அவர் கையில் இருந்தது. அந்த நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். வாந்தி வரும், காது இரையும், சிலருக்குப் புத்தியே கலங்கும். பாதியில் ஓடிவிடுகிறவர்கள் ஓடிவிடுவார்கள். அப்படி ஓடியவர்களை அறிக்கையில் 'விட்டுப்போனவர்' என்று எழுத வேண்டும். அந்தப் பெயர்கள் வீடு தேடிப் போகும் நர்சுகளின் கைக்குப் போகும். அவர்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகத் தேடிப் பிடித்து, கெஞ்சியோ திட்டியோ இழுத்து வருவார்கள்.

வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாறிப்போனவர்கள் தனி. அவர்கள் 'இடம் மாறியவர்'. இனி அவர்கள் அந்த ஊரின் பொறுப்பு என்று இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். தரமும் குறையாது. ஆனால் அவள் ஒரு கட்டுத்திட்டம் வைத்திருந்தாள். 'எங்களிடம் வந்து சேர்ந்தார்' என்று அந்த ஊர் ஒரு சீட்டு அனுப்ப வேண்டும். சீட்டு வராமல் இடம் மாறியவர் என்று யாராவது எழுதினால் பென்சில் பாயும்.

"இந்தத் தடவை விட்டுப்போனவங்க ரொம்ப அதிகம். தரம் கண்டிப்பா இறங்கிடும்" என்றார் டாக்டர். "இறங்கினா முதல்ல யாரை நிறுத்தச் சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். நர்சுகளைத்தான்.

"அதனால பாதிப் பேரை இடம் மாறியவங்கன்னு போட்டிருக்கேன். கூலி வேலை பாக்கறவங்கதானே, எங்கயாவது போயிருப்பாங்க. ஒரு மூணு மாசம். வெளிநாட்டு அதிகாரி வந்துட்டுப் போகட்டும், அப்புறம் சரி பண்ணிடலாம்."

"சீட்டு?"

"வரும்."

அவர் மென்று விழுங்கியதை அவள் கவனித்தாள். பென்சிலை எடுத்தாள். காகிதத்தின் ஓரத்தில் வைக்கவும் வைத்தாள். மாவட்டங்களில் பார்த்த நர்சுகளின் முகங்கள் வரிசையாக வந்தன. அதில் ஒருத்தி கணவனை இழந்தவள், அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

தேடுகிறவர்களின் வேலையைக் காப்பாற்றுவதற்காக, தேட வேண்டியவர்களை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் இரண்டு பேரும். படித்தவர்கள் கூடிச் செய்த காரியம் இது. வெளிநாட்டு அதிகாரி வந்தார், கைகுலுக்கினார், தரம் இறங்கவில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். டாக்டர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் ஜீப்பிலிருந்து இறங்கப் போகும்போது டிரைவர் அண்ணன், "தங்கச்சிம்மா, ஒரு நிமிஷம்" என்றார். அவர் அப்படித் தயங்கி அவள் பார்த்ததில்லை.

"தம்பிக்கு அந்த நோய்மா. மருந்துக்கு அடங்காத ஜாதி. உங்ககிட்ட மறைச்சுட்டேன். வண்டியில கூடவே வர்றவன் வீட்டுல இப்படின்னு தெரிஞ்சா வேலைக்கு ஆபத்தாயிடுமோன்னு பயம்."

அவளுக்கு ஏணியும் இருமலும் ஞாபகம் வந்தது.

"அவன் பொண்டாட்டி, கைக்குழந்தை எல்லாம் என் வீட்டுலதான். குழந்தையைத் தூக்காதே, தனியாப் படுன்னு கொஞ்சம் கோவமாச் சொல்லிட்டேன். அன்னிக்குப் போனவன்தான், ரெண்டு மூணு மாசமாச்சு. போன் அடிச்சா எடுக்கல. மாத்திரையும் எடுத்துட்டுப் போகல. மருந்தை விட்டா செத்துடுவான்னு டாக்டர் சொன்னது என் தலைக்குள்ளயே சுத்திட்டிருந்துச்சும்மா. ராத்திரி தூக்கமே இல்ல." இதைச் சொல்லும்போதே அவர் முகம் மலர ஆரம்பித்தது அவளுக்கு விளங்கவில்லை. "நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரிச்சேன். கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, அவரு இடம் மாறியவர்னு சொன்னாங்க. எனக்கு உயிரே திரும்பி வந்துச்சு. பயலுக்குக் கோவம்தான், புத்தி கெடல. வேற ஊர்ல சேர்ந்து மருந்து சாப்பிட்டுட்டிருக்கான்! எந்த ஊருன்னு அவங்களுக்குச் சொல்லத் தெரியல. நீங்கதானே எல்லாத்துக்கும் பெரியவங்க. எந்த ஊருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க தங்கச்சிம்மா, போய்க் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடறேன்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாய் திறந்தது, "விசாரிக்கிறேண்ணே" என்றது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. வாத்தியார் இரண்டு தடவை என்ன என்று கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். போனைக் கையில் எடுப்பாள், வைப்பாள். ஒருவேளை அந்தப் பாதியில் இவன் உண்மையாகவே மாறிப்போன ஒருவனாக இருந்தால்? இருக்கலாமே. அந்த ஒருவேளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளை ஓட்டினாள். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைத்துப் பூசி மெழுகுவதற்கில்லை. திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பார்த்தாள். சீட்டு எந்த ஊரிலிருந்தும் வரவில்லை.

டிரைவர் அண்ணன் வந்து நின்றபோது கண் சிவந்திருந்தது. சும்மா இருக்க முடியாமல் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பஸ் ஏறிப் போய், தம்பியின் போட்டோவைக் காட்டி விசாரித்திருக்கிறார்.

"இன்னும் ரெண்டு ஊருதாம்மா பாக்கி. அங்க இருப்பான்."

ஜீப் பெரிய சாலைக்கு வந்ததும் அவள் சொன்னாள். "அண்ணே, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, டாக்டர் மேல் பழி போடவும் இல்லை. கையெழுத்து என்னுடையது என்றாள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ அவன் எந்த ஊருலயும் இல்லையா?"

"தெரியாதுண்ணே."

"இத்தனை நாளா யாருமே தேடலையா?"

"தேடல."

லாரிகள் உரசிக்கொண்டு போயின. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாத்துக்கும் கேள்வி கேப்பீங்களே தங்கச்சிம்மா. நாற்காலிக்குக் கேப்பீங்க, பெயிண்ட் டின்னுக்குக் கேட்டீங்க. இதுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

அவர் வண்டியைத் திருப்பினார்.

அந்தப் பகுதி நர்சை வரவழைத்தார்கள். குள்ளமான, வேகமாகப் பேசுகிற பெண். கணவனை இழந்தவள் என்று சொன்னேனே, அவள்தான். பெயிண்டர் என்றதும், "கட்டிட வேலைக்காரங்க கோவிச்சுட்டு எங்க போவாங்க, வேலை நடக்கிற கட்டிடத்துலயே படுத்துக்குவாங்க" என்று சொல்லி முன்னால் ஸ்கூட்டரில் போனாள். மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். அண்ணன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். பாதி எழும்பிய அடுக்குமாடியின் கீழ்த்தளம், ஜன்னலுக்குத் தகரம் அடித்த அறை. உள்ளே சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே ஐந்தாறு பேர் படுக்கிற பாய்கள். கூட இருந்தவர்களில் இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி மூலையில் கிடந்தான். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. அண்ணன் அவனை ஒற்றையாளாகத் தூக்கினார், குழந்தையைத் தூக்குவதுபோல அவ்வளவு சுலபமாக வந்துவிட்டான். தோளில் சாய்ந்தவன் அவளைப் பார்த்து, "பச்சைச் சுவரு மேடம்தானே?" என்று கேட்டான். பிறகு அண்ணனிடம், "பாப்பா எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்குடா. பேசாதே."

நர்ஸ் முகமூடியைச் சரிசெய்துகொண்டே தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "இவரு பேரு என் கையில இருந்திருந்தா அன்னிக்கே வந்திருப்பேன். தினம் இந்தத் தெரு வழியாத்தான் போறேன்."

ஆஸ்பத்திரியில் அவன் அதிக நாள் இருக்கவில்லை. நுரையீரலில் மிச்சம் ஒன்றுமில்லை என்றார்கள். இறந்ததைப் பதிவு செய்யப் போனபோது கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது. இடம் மாறியவர் என்று ஒருமுறை முடித்துவிட்டால் அதற்குமேல் அவருக்கு எதுவும் எழுத இடமில்லையாம். பதிவு செய்கிற பெண் அண்ணனிடம், "அவரு எங்க கணக்குல இல்லீங்களே" என்றாள். அவள் மேல் தப்பில்லை, திரையில் இருந்ததைச் சொன்னாள். அந்த அறையில் இருமிய இரண்டு பேருக்கும் அதே நோய், மருந்துக்கு அடங்காதது. குழந்தைக்குப் பரிசோதனை செய்து, இப்போதைக்கு இல்லை என்றார்கள். இப்போதைக்கு என்ற வார்த்தையை அண்ணன் வீட்டில் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

கேள்விக்குறி அந்த அறிக்கையைத் திரும்ப எடுத்தாள். சீட்டு வராத ஒவ்வொரு எண்ணுக்கும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். அத்தனை பேரையும் விட்டுப்போனவர் என்று மாற்றி, தவறு எங்களுடையது என்று எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினாள். டாக்டர் தலையில் கை வைத்தார். "இப்ப எழுதி என்ன மேடம், போன உயிரு திரும்பியா வரப்போகுது?" என்றார். மற்றவர்களையாவது தேடலாம் என்றாள். தேடினார்கள். சிலர் கிடைத்தார்கள். சிலர் இறந்துபோன செய்தி கிடைத்தது. மற்றவர்களைப் பற்றித் தகவலே இல்லை.

தரம் இரண்டு படி இறங்கியது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று, டாக்டரை வேறு துறைக்கு மாற்றினார்கள். வேலை போனது நர்சுகளுக்கு. பயந்தபடியே நடந்தது. ஒரே காலையில் தம்பியைக் கண்டுபிடித்த அந்தக் குள்ளப் பெண், ஸ்கூட்டர் சாவியை அலுவலக மேசையில் வைத்துவிட்டு, "யாரு தேடப் போறாங்க இனிமே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இதுவும் ஒரு கேள்விதான்.

டிரைவர் அண்ணன் வேலையை விடவில்லை. எப்படி விடுவார், வீட்டில் இப்போது இரண்டு குடும்பம். தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே வேலைக்கு வந்துவிட்டார். சவரம் செய்து, சட்டை துவைத்துப் போட்டு, வழக்கம்போல ஜீப்பைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். அவள் இறங்கி வருவதைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டதே இல்லை, அவளே திறந்து ஏறி முன் இருக்கையில் உட்காருவாள். இன்று அவர் திறந்தது பின் கதவு.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது, அவளைப் பார்க்கவில்லை.

"கிளம்பலாமாண்ணே?"

"கிளம்பலாம் மேடம்" என்றார்.