லாசரஸின் இரண்டாம் குரல்

லாசரஸ் ஏ.சி. மெக்கானிக். நாவலூரில் கண்ணாடி போர்த்திய ஓர் அலுவலகக் கட்டடத்தின் குளிரூட்டும் இயந்திரங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. வீடு கிழக்குத் தாம்பரம். சனிக்கிழமை மாலை சர்ச்சில் கொயர் பாட்டுப் பயிற்சி, ஞாயிறு காலை ஆராதனையில் தாழ்ந்த குரல் பாடும் பேஸ் வரிசையில் இடம். கட்டடத்தில் அவரை எல்லோருக்கும் தெரியும். சர்ச்சிலும் தெரியும். ‘பாழுங்கிணறு’ என்ற பிளாக் மெட்டல் குழுவின் பாடகர் அவர் என்பது மட்டும் இரண்டு இடத்திலும் தெரியாது.

பிளாக் மெட்டல் என்றால் என்னவென்று மனைவி தபீதாளுக்கு அவர் ஒருமுறை விளக்கினார்.

“டிரம்ஸ் ஓடிக்கினே இருக்கும். கிட்டார் ரம்பம் மாதிரி அறுக்கும். மேல ஒருத்தன் கத்துவான்.”

“எதுக்குக் கத்துவான்?”

“கத்தணும்போல இருக்கும். அதான்.”

தபீதாள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் பள்ளிக்கூட டீச்சர். அப்படிக் கத்துகிறவர்களைத் தினமும் வகுப்பில் பார்ப்பவர்.

குழு தொடங்கியது பம்மலில். டிரம்ஸ் அடித்த தனசேகர், லாசரஸுடன் ஐ.டி.ஐ.யில் படித்தவர். தனசேகரின் மாமாவுக்கு மூடிப்போன தோல் ஷெட் ஒன்று இருந்தது. நாற்றத்துக்கு யாரும் வாடகைக்கு வராததால் இவர்களுக்குக் கிடைத்தது. 2004இல் முதல் ஆல்பம் ‘சுண்ணாம்புக் குழி’ அங்கேதான் பதிவானது. சாத்தானைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. வெளிநாட்டுக் குழுக்கள் பாடும் பனிக்காடும் கிடையாது. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடும் குழி, குழியில் நின்று வேலை பார்த்தவர்களின் வெந்துபோன கால்கள், இவைதான் பாட்டு.

ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போக வசதியில்லை. திருவிழாவுக்கு வாடகைக்குப் போகும் மைக்செட்டை எடுத்துவந்து, அதிலிருந்து கேசட்டில் பதிந்தார்கள். மைக்செட்டின் எக்கோ குமிழ் உடைந்து, முழுதும் திறந்த நிலையில் நின்றுவிட்டிருந்தது. குறைக்க வழியில்லை. லாசரஸ் ஒருமுறை கத்தினால் கேசட்டில் ஏழெட்டு முறை விழுந்தது.

அந்த எக்கோதான் பெயர் வாங்கிக் கொடுத்தது. உண்மையான பாழுங்கிணறு ஒன்றுக்குள் மைக்கை இறக்கிப் பதிந்ததாக ரசிகர்களிடையே கதை கிளம்பியது. அந்தக் கிணறு திருநீர்மலையில் இருக்கிறதா அனகாபுத்தூரில் இருக்கிறதா என்று இணையத்தில் சண்டை நடந்தது. லாசரஸ் மறுக்கவில்லை.

“நம்புறவனைப் போயி எதுக்கு பேஜார் பண்ணிக்கினு” என்றார்.

ரசிகர்களில் முதல் ஆள் வெற்றிவேல். கோவிலம்பாக்கத்தில் டைல்ஸ் கடையில் வேலை. முதல் கேசட்டைப் பிரதியெடுத்துப் பெங்களூர்வரை அனுப்பியவர் அவர்தான். மேடையேறுகிறவர்கள் முகத்தில் வெள்ளை பூசிக் கண்ணைச் சுற்றிக் கருப்புத் தீட்டிக்கொள்வது இந்த இசையில் வழக்கம். மே மாதத்தில் நடந்த முதல் நிகழ்ச்சிக்குத் தபீதாளின் முகப்பவுடரும் கண்மையும் போயின. இரண்டாவது பாட்டில் எல்லாம் வழிந்து சட்டைக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். வெற்றிவேல் சிரிக்கவில்லை. சிரித்தவர்களை முறைத்துக்கொண்டு நின்றார்.

கத்துவதற்கும் ஒரு முறை உண்டு. வயிற்றிலிருந்து காற்றை எடுத்து, தொண்டையைத் தளர்த்திவிட வேண்டும். அதைச் சொல்லித்தர லாசரஸுக்கு ஆள் இல்லை. பிரதிமேல் பிரதியெடுத்துத் தேய்ந்த கேசட்டுகளைக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டார். தொண்டையாலேயே கத்தினார். முடிந்தபின் எச்சிலில் ரத்தம் வந்தால் நன்றாகப் பாடியதாக எடுத்துக்கொண்டார். தனசேகரும் அப்படித்தான் நம்பினார். மேடையை விட்டு இறங்கியதும் அவருடைய முதல் கேள்வி அதுவாக இருக்கும். “சிவப்பா வந்துச்சா மச்சான்? அப்ப இன்னிக்கு ஷோ சூப்பர்.”

எட்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் குரலே வரவில்லை. குரல்நாண்களில் காய்ப்பு. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், பேசலாம், மெதுவாகப் பாடலாம், கத்தினால் அடுத்தமுறை பேச்சே போய்விடும் என்றார். குரலுக்குப் பயிற்சி வேண்டுமென்று தபீதாள் அவரைக் கொயருக்கு இழுத்துக்கொண்டு போனார். மூச்சை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று லாசரஸுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவர் அங்கிருந்த கொயர் மாஸ்டர்தான். அப்போது லாசரஸுக்கு வயது முப்பத்தைந்து.

இரண்டாவது ஆல்பம் ‘பின்பனி’ அதிலிருந்து வந்தது. கிட்டாரும் டிரம்ஸும் பழையபடிதான். குரல் வேறு. தாழ்ந்த குரல், ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு. நான்கையும் லாசரஸே பாடினார், படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டு. அடுத்த அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ஜெரூஷாவுக்கு அந்த வரிகள் பாடத்தைவிட நன்றாக மனப்பாடமாயின.

ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. ‘கீர்த்தனை மெட்டல்’ என்று பெயர் வைத்தார்கள். வெற்றிவேல் இணையத்தில் எழுதிய விமர்சனம் ஊரெல்லாம் சுற்றியது. அதன் முதல் வரி: ‘பாழுங்கிணற்றில் மினரல் வாட்டர் நிரப்பிவிட்டார்கள்.’

லாசரஸ் அறுவை சிகிச்சையைப் பற்றி ரசிகர்கள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் வேண்டாமென்றதால் கத்தவில்லை என்று பிளாக் மெட்டல் பாடகர் எப்படிச் சொல்வார்? வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஜெரூஷாவிடம் மட்டும் சொன்னார்.

“இந்தக் குரலு எனக்குப் புடிச்சிருக்கு ஜெரூ. பாவம், ஆபரேஷன் பண்ண ஆளுன்னு எவனும் இதைக் கேக்கக் கூடாது. பாட்டுன்னு கேக்கணும்.”

அவர் கேட்டது அது ஒன்றுதான். நெடுநாள் நடக்கவில்லை. பிறகு மெல்ல நடந்தது. கேசட்டையே கண்ணால் பார்த்திராத பையன்களும் பெண்களும் ‘பின்பனி’யைக் கண்டுபிடித்தார்கள். ‘சுண்ணாம்புக் குழி’ வெறும் இரைச்சல், இதுதான் இசை என்று எழுதினார்கள். பழைய ஆட்கள் பதிலுக்கு எகிறினார்கள். இரண்டு கட்சியாயிற்று. லாசரஸ் மதியச் சாப்பாட்டு வேளையில் மொட்டைமாடிக் கூலிங் டவர் நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பார். முதல் ஆல்பத்தைத் திட்டினாலும் அவருக்குக் கோபம் வரும். “அதுவும் நான்தானேடா” என்று போனைப் பார்த்துச் சொல்வார்.

2024இல் முதல் ஆல்பத்துக்கு இருபது வருடம். தாம்பரத்தில் ஒரு மண்டபம் எடுத்து நிகழ்ச்சி நடத்த ரசிகர்கள் வந்தார்கள். முழு ஆல்பமும் வேண்டும், பழைய குரலில் வேண்டும். அதற்குச் சம்மதித்தால் கடைசியில் ‘பின்பனி’ பாட்டு இரண்டு பாடிக்கொள்ளலாம். அந்த இரண்டு பாட்டுக்காக லாசரஸ் ஒத்துக்கொண்டார்.

ஜெரூஷா அப்போது ஒலிப் பொறியாளர். பேச்சிலிருந்து இரைச்சலைப் பிரிக்கும் மென்பொருள் எழுதுவது அவள் வேலை. லாசரஸ் அவளிடம் வந்து நின்றார்.

“ஜெரூ, பழைய கேசட்லேர்ந்து என் குரலை மட்டும் தனியா எடுக்க முடியுமா?”

முடிந்தது. முழுச் சுத்தமாக வரவில்லை. எக்கோ குரலோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கத்தலையும் வெட்டி, காலால் மிதித்தால் ஒலிக்கும் பெடலில் ஏற்றிக் கொடுத்தாள். வாயை அசைத்துக் காலை மிதித்தால் போதும்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் பம்மல் ஷெட்டில் ஒத்திகை. வெற்றிவேலும் வந்திருந்தார். விமர்சனம் எழுதிய பிறகு லாசரஸோடு அவர் பேசியதில்லை. வந்து கதவோரமாகப் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு நின்றார். முதல் கத்தல் எழுந்ததும் போனோடு இரண்டடி முன்னால் வந்தார். பாட்டு முடிந்ததும் ஓடிவந்து லாசரஸைக் கட்டிக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“அப்படியே கீது மச்சான்! ஒரு நாள் வயசாவலடா உனக்கு. இத்த வச்சிக்கினா இத்தினி வருஷம் பஜனை பாடிக்கினு இருந்தே?”

லாசரஸ் சிரித்து வைத்தார். தனசேகர் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் ஜெரூஷா, மடியில் லேப்டாப். பல்லாவரம் மேம்பாலத்தில் லாசரஸ் சொன்னார்:

“அவன் என்னைப் பாத்து அழல.”

“பின்ன?”

“உன் லேப்டாப்பைப் பாத்து அழுதான்.”

மறுநாள் மண்டபத்தில் அவர் பெடலை எடுக்கவில்லை. முகத்தில் எதுவும் பூசவுமில்லை. விளக்கம் சொல்லாமல் நேராக ‘சுண்ணாம்புக் குழி’யின் முதல் பாட்டைத் தொடங்கினார், தாழ்ந்த குரலில். தனசேகர் ஒரு கணம் தடுமாறி, வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பின்தொடர்ந்தார். அதே வரிகள், அதே கிட்டார். குழிக்குள் நின்றவனின் கோபம் போய், அவனைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பவனின் பாட்டாக அது மாறியிருந்தது. இளைஞர்கள் முன்னால் வந்தார்கள். பின்னாலிருந்து “பாஸ்டர், காணிக்கை எப்போ?” என்று ஒருவர் குரல் கொடுத்தார். சிரிப்பு எழுந்தது.

மூன்றாவது பாட்டில் வெற்றிவேல் எழுந்தார். வழியில் ஒலிக் கலவை மேசையில் உட்கார்ந்திருந்த ஜெரூஷாவிடம் நின்றார்.

“நேத்து கத்தினான் இல்ல? இன்னிக்கு இன்னா கொழுப்பு அவனுக்கு? வேணும்னே பண்றான்மா உங்கப்பன்.”

பதிலுக்குக் காத்திராமல் வெளியே போனார். நிகழ்ச்சி முடியும்போது மண்டபத்தில் பாதிக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். லாசரஸுக்கு அது போதும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு இடியாப்பம் சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து, வேலையிடத்தில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது நாற்பத்தேழு. கல்லறையில் கொயர் பாடியது. பேஸ் வரிசையில் அவர் நிற்கும் இடத்தை யாரும் நிரப்பவில்லை. கொஞ்சம் தள்ளிக் கருப்பு டி-சர்ட் போட்டவர்கள் நின்றார்கள். அவர்களில் வெற்றிவேலும் இருந்தார்.

அந்த வாரமே ‘பின்பனி’க்கு இணையத்தில் மதிப்பெண் ஏறத் தொடங்கியது. கீர்த்தனை மெட்டல் என்றவர்கள் காலத்தை முந்திய படைப்பு என்று எழுதினார்கள். பழைய பதிவுகளைச் சிலர் சத்தமில்லாமல் அழித்தார்கள். ஜெரூஷா அந்த ஆல்பத்தின் கோப்பைத் திறந்து பார்த்தாள். அதில் ஒரு நொடிகூட மாறியிருக்கவில்லை. மூடிவைத்தாள்.

வெற்றிவேல் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். தபீதாள் காபி கொடுத்தார். வெற்றிவேல் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒத்திகையன்று எடுத்த வீடியோ.

“இத்த போடலாம்னு கீறேன் ஜெரூ. ‘கடைசிக் கதறல்’னு பேர் வச்சிருக்கேன். உன்னாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு போடலாம்னுதான்…”

“போடாதீங்க அங்கிள்.”

“ஏம்மா? உங்கப்பன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா? சாவறதுக்கு மூணு மாசம் முன்னாடிகூட கத்திக்கீறான். இந்தப் பின்பனிப் பசங்கள்லாம் வாயை மூடிக்கினு போவானுங்க.”

“அது அப்பா கத்தினது இல்ல.”

வெற்றிவேல் சிரித்தார். “எதிர்ல நின்னு பாத்தேன்மா.”

“வாயைத்தான் அசைச்சார். கால்கிட்ட பெடல் இருந்துச்சு. அது 2004 குரல். கேசட்லேர்ந்து நான்தான் பிரிச்சுக் கொடுத்தேன். அப்பாவால கத்த முடியாது அங்கிள். தொண்டையில ஆபரேஷன். பின்பனிக்கு முன்னாடியே.”

அவர் தபீதாளைப் பார்த்தார்.

“ரெண்டு வாரம் பேசவே இல்ல” என்றார் தபீதாள். “சோறு வேணும்னாக்கூட இவ சிலேட்டுல எழுதித்தான் காட்டுவார்.”

“என்னாண்ட சொல்லியிருக்கலாமே.”

“மினரல் வாட்டர்னு எழுதினவர்கிட்டயா?” என்று கேட்டார் தபீதாள்.

வெற்றிவேல் காபியை எடுத்து, குடிக்காமல் வைத்தார். வீடியோவை ஓடவிட்டார். சத்தத்தைக் குறைத்துவிட்டு லாசரஸின் காலை மட்டும் பார்த்தார். கால் மிதித்தது. மறுபடி மிதித்தது. அணைத்தார்.

“அப்ப, மண்டபத்துல பாடுனது?”

“அதுதான் அவரோட குரல். கடைசியா மேடையில பாடினதும் அதுதான்.”

“நான் மூணாவது பாட்டுலயே வெளிய போய்ட்டேன்.”

“தெரியும். அப்பாவும் பாத்தார்.”

வெற்றிவேல் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

“பதிஞ்சிருக்கியா?”

பதிந்திருந்தாள். அன்றைக்குப் பிறகு அதை அவளும் கேட்கவில்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்து நான்காவது பாட்டிலிருந்து ஓடவிட்டாள். லாசரஸ் தொண்டையைச் செருமுவது கேட்டது. தனசேகர் எண்ணுவது கேட்டது. பிறகு குரல். தபீதாள் எழுந்து சமையலறைக்குப் போனார், வாசலிலேயே நின்றுகொண்டார்.

வெற்றிவேல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பாட்டு பாதிக்கு வந்தபோது தலையை அசைத்தார்.

“எனக்கு இது இன்னும் புடிக்கல ஜெரூ. பொய் சொல்லக் கூடாது.”

“நிறுத்திடட்டுமா?”

“வேணாம். ஓடட்டும்.”