உதறிக் காட்டிய முந்தானை

மழை ஈரத்தோடு கலந்த மிளகு நெடி மூக்கில் ஏறினால், தும்மல் வருவதற்கு முன்னால் எனக்கு அம்மா நினைவு வந்துவிடுகிறது. எழுபதுகளின் கடைசியில் அவள் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு "பாண்டிகசாலை"யில், அதாவது சரக்குக் கிடங்கில், மற்றப் பெண்களோடு உட்கார்ந்து முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கிளம்பும்போது ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று, மேஸ்திரி பார்க்க, முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அதற்கு "உதறல்" என்றே பேர்.

ஒருநாள் பள்ளி விட்டு நான் அங்கே போய் நின்றபோது யாரும் உதறவில்லை. "நாங்க என்ன திருடிகளா? இனி உதற மாட்டோம்" என்று முதலில் சொன்னவள் அம்மாதான். எல்லோரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் முதலாளி சேட்டு வந்து, போகட்டும் விடு என்று கையை அசைத்தார். அத்தோடு உதறல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருஷப் பரீட்சையில், கொச்சியில் மிளகுக்காகச் சண்டையிட்டவர்கள் யார் யார் என்று கேட்டிருந்தார்கள். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எழுதிவிட்டு, அம்மாவையும் அந்தப் பெண்களையும் சேர்த்தேன். திருப்பூணித்துறையிலிருந்து பஸ் மாறி வரும் சரித்திர டீச்சர், நல்ல மனுஷிதான், அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "மோளே, இது வீட்டுக்காரியம். சரித்ரமல்ல" என்றார். அம்மா கொதித்துப்போவாள் என்று நினைத்தேன். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். மார்க் போச்சேடி" என்றாள், அவ்வளவுதான்.

ஆனால் கடைசிவரை, எங்கே போய்விட்டு வந்தாலும், வீட்டு வாசற்படியில் நின்று முந்தானையை ஒருதரம் உதறிவிட்டுத்தான் உள்ளே வருவாள். கிடங்கில் நின்றுபோன உதறல் அவள் கையை விட்டுப் போகவேயில்லை.

நானும் சரித்திர டீச்சராகி ஓய்வும் பெற்றாயிற்று. பள்ளிப் பாடத்தில் பெண்களையும் சேருங்கள் என்று ஒவ்வொரு கூட்டமாகப் போய்ப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். போன வருஷம் ஒரு கூட்டத்தில் அந்தக் கிடங்கு வாசலைப் பற்றிச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவர், "ஆதாரம் உண்டோ டீச்சரே?" என்றார். கிடங்கு இப்போது சுற்றுலாக்காரர்கள் காப்பி குடிக்கும் இடம். அன்று வாசலில் உட்கார்ந்தவர்களில் ஒருத்தியும் உயிரோடு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆதாரம் எங்கள் வாசற்படியில் நின்று உதறிக்கொண்டிருந்தவள்தான், அவளும் போய்விட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.