போட்டோவுக்காகப் போட்ட ஐந்து துளைகள்

குருநகரில் மீன்பிடிப் படகுகளுக்கு எக்கோ சவுண்டர் பூட்டுவது என் தொழிலாக இருந்தது. கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் திரையில் காட்டும் கருவி அது. திரையை எங்கேயும் வைக்கலாம். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் சென்சரை எங்கே, எதில் பூட்டுகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஒரு உதவித் திட்டத்தில் ஐந்து சிறிய பைபர் படகுகளுக்கு இந்தக் கருவி கிடைத்தது. கூடவே ஒரு ஆலோசகரும் கிடைத்தார். பண்டத்தரிப்பில் பிறந்து கொழும்பில் பெரிய ஆளானவர். அவர் படகுகளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வண்ணப் படத்தைப் பார்த்தார். அதில் எந்நேரமும் மிதந்தபடி நிற்கும் ஒரு உல்லாசப் படகு. அடியில் துளையிட்டு, சென்சரைத் தாங்கும் வெண்கல மவுண்டை அதில் இறக்கியிருந்தார்கள்.

எங்கள் படகுகள் தினமும் மணலில் இழுபடுபவை, அடியில் துருத்தும் எதுவும் தாங்காது என்றேன். பின்பலகையில் பிராக்கெட் போட்டு, கரைக்கு வரும்போது மேலே மடக்கிவிடலாம். புரொப்பெல்லர் கிளப்பும் நுரையிலிருந்து விலக்கி வைத்தால் ஆழமும் ஒழுங்காகக் காட்டும் என்றேன். பிராக்கெட் போட்டோவில் வடிவாக இராது என்றார். அவர் சொன்ன ஒரே தொழில்நுட்பக் காரணம் அதுதான்.

"நீங்கள் பூட்டுறதுக்கு வந்தனீங்கள். யோசிக்கிறதுக்கு நான் இருக்கிறன்."

இருபது வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு வாயை மூடினேன். ஐந்து படகிலும் ட்ரில் போட்டு, மவுண்டை இறக்கி, தண்ணீர் கசியாமல் சுற்றிவர சீலன்ட் பூசினேன். அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலாம் நாள் அந்தப் படகுகளில் ஒன்றின் சொந்தக்காரர் யேசுதாசனும் அவருடைய மனைவி ஜெசிந்தாவின் தம்பியும் கடலுக்குப் போனார்கள். அதுவரை மணலில் இழுபட்டதில் மவுண்ட் ஆடி, சீலன்ட் விட்டிருந்தது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அது முற்றாகக் கழன்றது. இரண்டு அங்குலத் துளையால் கடல் உள்ளே வந்தது. யேசுதாசன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து உருட்டி, துளையில் திணித்து, அதன்மேல் ஏறி இருந்துவிட்டார். மச்சான் ஒரு கையால் எஞ்சினைப் பிடித்து, மறு கையால் தண்ணீரை அள்ளி ஊற்றினான். வலையை வெட்டிவிட்டு, உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

அன்று பின்னேரம் ஜெசிந்தா என் கடைக்கு வந்து, கழன்ற மவுண்டை மேசையில் வைத்தார். குரல் உயரவில்லை.

"அண்ணை, உது தாங்காதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சும் ஏன் போட்டனீங்கள்?"

ஆலோசகர்தான் அப்படிப் போடச் சொன்னார் என்றேன்.

"அந்தாள் கடலுக்குப் போறேல்லை. என்ரை மனிசனும் தம்பியுமெல்லோ போறவை."

அடுத்த நாளே ஐந்து படகுகளையும் கவிழ்த்து, துளைகளை உள்ளும் புறமும் பைபர் வைத்து அடைத்தேன். பின்பலகையில் பிராக்கெட் பூட்டினேன். ஜெசிந்தா முடியும்வரை நின்று, தன் படகின் பிராக்கெட்டைக் கையால் இழுத்துப் பார்த்த பிறகே போனார். ஆலோசகர் கரைப்பக்கம் வரவில்லை. பூட்டியவரின் கவனக்குறைவு என்று அறிக்கை மட்டும் அனுப்பியிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் மவுண்டைத் தெரிவு செய்ய முன்னர், படகு கரையேறுவதை ஒருமுறை போய்ப் பாருங்கள். பிழை என்று தெரிந்தால் ட்ரில்லைக் கீழே வையுங்கள். அந்த மனிதரை நான் இன்றும் மதிப்பதில்லை. ஆனால் அவருக்காவது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.