நெடுக்காக ஒரு பக்கம், குறுக்காக ஒரு பக்கம்

பெங்களூரில் அறுவை சிகிச்சை முடிந்து ஓசூர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, என் மனைவியால் இடப்பக்கம் ஒருக்களித்து மட்டுமே படுக்க முடிந்தது. வெளிநாட்டிலிருந்து மகள் எழுதும் கடிதங்களை, எவரும் வாசித்துக் காட்டாமல், தானே படிக்க வேண்டும் என்பதே அவளுடைய ஒரே விருப்பம். கடிதங்கள் மகள் வாங்கித் தந்த தொடுதிரைக் கைபேசியில் வந்தன. படுத்தவாறு அதைச் சாய்த்ததுமே திரையும் திரும்பி, எழுத்துகள் அவள் கண்ணுக்குக் குறுக்கே விழுந்துவிடும். திரும்பாமல் நிறுத்தும் வசதி அன்றைய கைபேசியில் இல்லை.

"பேட, பேடவே பேட." கைபேசியைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். கர்நாடக எல்லையோரத் தளியில் பிறந்தவள், வெறுத்துப்போனால் வேண்டாம் என்பதைக் கன்னடத்தில்தான் சொல்வாள்.

தொழிற்பேட்டை ஆலையொன்றில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதி ஓய்வுபெற்றவன் நான். மகள் விட்டுச் சென்ற கணினியில் மூன்று வாரம் உழைத்து, அவளுடைய கடிதங்களுக்கும் படங்களுக்குமாக ஒரு சிறு செயலி செய்தேன். கைபேசி சாயும்போதெல்லாம், திரையைத் திருப்பலாமா என்று அது செயலியைக் கேட்கும். செயலியின் எல்லாப் பக்கங்களுக்கும் 'கூடாது' என்றே விடை எழுதினேன்.

கடிதம் அசையாமல் நின்றது. ஆனால் பேரனின் அகலமான படம் திரையின் நடுவே ஒரு பட்டையாகச் சுருங்கிக் கிடந்தது.

"ஏங்க, இது என்ன உங்க கம்பெனியா? ஒரு மிஷின் மக்கர் பண்ணா மொத்த லைனையும் நிறுத்திப்புடுவீங்களே, அதையே இங்கயும் பண்ணி வெச்சிருக்கீங்க. எம் பேரன் எறும்பாட்டம் தெரியறான்."

ஆலையில் அதுதான் விதி. அது என் கையில் ஊறியிருந்தது. படப் பக்கத்தை மட்டும், எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே விடை சொல்லும் பொதுச் சட்டகத்திலிருந்து பிரித்து, எப்போதும் குறுக்காகவே திறக்கும்படி மாற்றினேன். கடிதப் பக்கம் எப்போதும் நெடுக்காகவே இருக்கும். சாய்வைப் பற்றி எந்தப் பக்கமும் கவலைப்பட வேண்டியதில்லை.

மறுநாள் முற்பகலில் அவள் ஒரு நீண்ட கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தாள். என்ன எழுதியிருந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. பிறகு படத்தைத் திறந்து கைபேசியைத் திருப்பிப் பிடித்தாள்.

"பல்லு கூடத் தெரியுது. போங்க, போய்ச் சாப்பிடுங்க."

அடுத்த மழைக்காலத்தில் அவள் இல்லை. அதுவரை வந்த கடிதங்கள் அனைத்தையும் தானே படித்திருந்தாள். அவற்றை நான் திறந்ததில்லை. அவள் என்னைச் சாப்பிடப் போகச் சொன்ன அந்த முற்பகலில்தான், வெகு நாட்களுக்குப் பின், பசித்துச் சாப்பிட்டேன்.