மூன்று தடவை கேட்ட பாவசங்கீர்த்தனம்

இது நடந்தது. என் கண் முன்னால், பகலில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் யார் காலிலும் விழப்போவதில்லை.

என் கணவர் கானியோ ஒரு திருத்தொண்டர். அதாவது கல்யாணமானவர், பாதிரியார் அல்ல. ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் நடத்தலாம், செத்தவரை அடக்கம் செய்யலாம். பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிக்க முடியாது. முப்பது வருடம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவருக்கு இதுவே அதிகம். மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பட்டம் கிடைக்கும். போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் ஒரு குட்டி பிஷப். சூப் குடிக்கும்போதுகூடக் கைகளை விரித்துத்தான் பேசுவார். தெருவில் யாராவது தப்பாக "சாமி" என்று கூப்பிட்டால் திருத்த மாட்டார், முகம் மலர்ந்துவிடும். பார்க்கவே எனக்குக் குமட்டும்.

நவம்பர் மாதம். மலைமேல் இருக்கும் பொட்டென்சா நகரத்தில் திருத்தொண்டர்கள் மனைவிமாரோடு கூடும் கூட்டம். மாலை ஜெபத்தில் இவர் பிஷப் முன்னால் பிரசங்கம் செய்ய வேண்டும். பாதிரியார் போலக் கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின் சீட்டில் இஸ்திரி போட்ட அங்கி. பிஷப்புக்கு ஒரு முழு பாலாடைக்கட்டி. மதியம் மூன்று மணிக்கு மலைப்பாதையில் மூடுபனி இறங்கியது.

"ஓரமா நிறுத்துங்க."

"எனக்குத் தெரியும். நீ வாயை மூடு."

ஆனால் நிறுத்தினார். அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

டொக்... டொக்.

ஐம்பது வயது இருக்கும். நல்ல கோட்டு, நல்ல செருப்பு. விசேஷத்துக்குப் போகிறவள் போல இருந்தாள்.

"சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

நான் இவரைப் பார்த்தேன். 'நான் சாமி இல்லம்மா' என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"வா, மகளே," என்றார்.

மகளே! இரண்டு பேருக்கும் பத்து வயது வித்தியாசம் இருந்தால் அதிகம். சடங்குக்குப் போடும் நீளத் துணிப்பட்டையைத் திருத்தொண்டர்கள் தோளில் குறுக்காகத்தான் போட வேண்டும். இவர் அதைப் பாதிரியார்களைப் போலக் கழுத்தில் நேராகத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினார். பனிக்குள் அவள் முணுமுணுத்தாள். இவர் கையைத் தூக்கி மன்னித்துவிட்டு, ஜம்மென்று வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னா?"

"அதெல்லாம் ரகசியம். உனக்குப் புரியாது."

"நீங்க மன்னிச்சது செல்லாதுங்க. பாவம், அந்தப் பொம்பளை நம்பிப் போறா."

"அவளுக்கு நிம்மதியாச்சுல்ல? அது போதும்."

வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கண்ணாடி முழுக்க ஈரம். அவள் தலைமுடியில் ஒரு துளிகூட இல்லை.

இரண்டு வளைவு தாண்டியிருப்போம். விளக்கு வெளிச்சத்தில்... அவள் நின்றாள். எங்களுக்கு முன்னால். நடந்து வந்திருக்கவே முடியாது.

டொக்... டொக்.

"சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

அதே குரல். அதே வார்த்தைகள். இந்தத் தடவை வீரர் இறங்கவில்லை. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, அவசரமாகச் சிலுவை போட்டார். வண்டியை விரட்டினார்.

"உண்மையைச் சொல்லித் தொலைங்க!"

"சும்மா இருடீ!"

உயிரே போனாலும் அந்த வாயில் அது வராது.

அப்போது...

க்ளிக்.

பின் சீட்டில். பெல்ட் மாட்டும் சத்தம்.

இஞ்சின் தானாக நின்றது.

"சாமி..."

என் காதுக்குப் பக்கத்தில்.

"சாமி..."

"நான் சாமி இல்லை!" இவர் அலறினார். "வெறும் திருத்தொண்டன்! மன்னிக்க எனக்கு அதிகாரம் கிடையாது! பொய் சொன்னேன்!"



"தெரியும்," என்றாள்.

முன்னால் தொங்கிய கண்ணாடியில் பார்த்தேன். அவள் இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

க்ளிக்.

பின்னால் யாரும் இல்லை. இஸ்திரி போட்ட அங்கி மட்டும், யாரோ மேலே உட்கார்ந்த மாதிரி கசங்கிக் கிடந்தது.

கூட்டத்தில் இவர் பிரசங்கம் செய்யவில்லை. தொண்டை சரியில்லை என்று ஒரு மூலையில் சுருண்டிருந்தார். அந்த மலைப்பக்கத்துப் பங்குச் சாமி தொன் ஜெரார்டோ வந்து விசாரித்தார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆறு வருஷம் முன்னாடி, இதே கூட்டத்துக்கு ஒரு திருத்தொண்டரும் அவர் சம்சாரமும் வந்துகிட்டிருந்தாங்க. அந்த எடத்துலதான் கார் பள்ளத்துல விழுந்துச்சு. அவர் அங்கயே போயிட்டார். அந்தம்மா கொஞ்ச நேரம் உசுரோட இருந்து, சாமியாரைக் கூப்பிடுங்கன்னு கெஞ்சினாங்களாம். நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அன்னைக்குப் பனி இல்ல. பிரேக்கும் நல்லா இருந்துச்சாம். ஏன் விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியல."

இவர் மூலையிலிருந்து எழுந்து வந்தார். கட்டிக் காத்த ரகசியத்தை அப்போதுதான் வெளியே விட்டார்.

"என்கிட்ட சொன்னா... 'என் புருஷனோட பெருமை தாங்கல சாமி. நான்தான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்தேன்'னு."

மறுநாள் காலையில் அதே பாதையில் திரும்பினோம். வேறு பாதை கிடையாது. இவர் எனக்காக முன்கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் பின்னால் போய், ஸ்டீயரிங் கைக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை.